தீக்கதவுக்குப் பின்னால்

நெட்டையன் அனுப்பிய படத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். கதவண்ணன் மட்டும் ஒன்றும் போடவில்லை. மறுநாள் மத்தியானம் நெட்டையனே போன் போட்டான்.

"வீட்டுக்கு வாண்ணே. நாளைக்குப் பிரிண்டுக்குக் குடுக்கணும். நீ பார்த்துச் சொல்லாம நான் குடுக்கமாட்டேன்."

அவர்கள் வேலை பார்த்த மில் மூடிப் பதினாலு வருஷம் ஆயிற்று. நெட்டையன் அங்கே ஃபிட்டராக இருந்தவன். தன் மகள் விட்டுப்போன டேப்லட்டில் இப்போது படம் போடுகிறான். பழைய பாய்லர் கூடத்தையும் அதில் நின்ற ஒன்பது பேரையும் வரைந்திருந்தான், சங்கத்து ஹாலில் மாட்டுவதற்காக. கதவண்ணனுக்கு அந்தப் பெயர் பாய்லர் அடுப்பின் தீக்கதவால் வந்தது. இருபத்தாறு வருஷம் அந்த இரும்புக் கதவை இழுத்துத் திறந்தவர் அவர். மற்றவர்கள் கரியை அள்ளி வீசுவார்கள், அவர் சாத்துவார்.

உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். அதனால் வேலைக்கோலத்தில் அவர் முகம் ஒரு காகிதத்திலும் கிடையாது. படம் வந்த உடனே தன் மகளுக்குச் சொல்லிவிட்டார், "அப்பா மூஞ்சி ஹால்ல தொங்கப்போகுது, வந்து பாரு" என்று. சொன்ன பிறகுதான் படத்தை நிதானமாகப் பார்த்தார். பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

கதவண்ணன் வந்து உட்கார்ந்ததும் நெட்டையன் டேப்லட்டை மேஜைமேல் சாய்த்து வைத்தான். "சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடாதே. அதைச் சொல்லத்தான் ஏழு பேர் இருக்கானுங்க."

"மண்வெட்டிப் பிடியில துணி சுத்தியிருக்கே, அது நல்லா ஞாபகம் வெச்சிருக்கே. குழாய்மேல டீ கெட்டில் காயறது, அதுவும் சரி." கதவண்ணன் படத்தின் மேல்பக்கத்தைக் காட்டினார். "இதுல வெளிச்சம் எங்கேருந்துடா வருது?"

"எங்கேருந்துன்னா? மேல பல்பு இருந்துச்சே."

"அதுல ஒரு விரல் கனம் கரி. அது எரியுதா இல்லையான்னே நாம பந்தயம் கட்டுவோம். நான் கதவைத் திறந்தா நீ என்ன பண்ணுவே?"

நெட்டையன் யோசிக்கவே இல்லை. "கண்ணைச் சுருக்குவேன். முட்டி சுடும். அப்புறம் வயிறு, தாடை."

"அப்போ வெளிச்சம் கீழேருந்துதானே ஏறுது? நீ நடு உச்சியில சூரியனைத் தொங்கவிட்டிருக்கே. ஆணி ஆணியா எண்ணி வரைஞ்சிருக்கே, பாவம், கை வலிச்சிருக்கும். ஆனா பின்சுவர்ல ஆணி இருந்துச்சுன்னு எவன் கண்டான்? அங்கே நம்ம நிழல்தான் பூதம் மாதிரி ஆடும்."

நெட்டையனின் முகம் சுருங்கியது. டேப்லட் பேனாவை எடுத்தான். படம் முழுக்கக் கறுப்பை ஒரு போர்வை மாதிரி மேலே போர்த்தினான். பிறகு தீ படும் இடங்களில் மட்டும் அதைச் சுரண்டினான். ஒருவனின் முழங்கால் வந்தது. இன்னொருவனின் வேர்வை வழியும் கழுத்து வந்தது. கதவண்ணனுக்குக் காதுக்குள் அந்தப் பழைய இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலில் திட்டினால் யாருக்கும் கேட்காது என்று மேஸ்திரியை வாய் நிறையத் திட்டிய நாட்கள் எல்லாம் வந்து நின்றன.

"இப்போ சுடுதுடா" என்றார்.

நெட்டையன் சிரித்தான். சுவரோரம் நின்ற இரண்டு பேர் இருட்டில் பாதி மறைந்து போனார்கள். கதவுக்குப் பின்னால் கதவண்ணனின் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இது?"

"உன் முகத்துல மட்டும் கறுப்பைப் போடலைண்ணே. அது கிடக்கட்டும்."

கதவண்ணன் அந்த முகத்தையே பார்த்தார். மூக்கை அழகாகத்தான் வரைந்திருந்தான், கல்யாணத்தன்றுகூட அது அப்படி இருந்ததில்லை. மகள் வந்து நின்று பார்க்கப்போவது இதைத்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடலாம். எவன் கேட்கப்போகிறான்?

"கதவு எதுக்குடா அங்கே இருந்துச்சு?" என்றார் கடைசியில். "நான் அதுக்குப் பின்னால நின்னதாலதான் இந்த மூஞ்சி வேகாம வீட்டுக்கு வந்துச்சு. தீ அங்கே எட்டாது. அதையும் கறுப்பால மூடு."

"உன் பொண்ணு வர்றாளே?"

"வரட்டும். மூடுடா."

நெட்டையன் படத்திலிருந்த அந்த முகத்தின்மேல் கறுப்பைப் பூசினான். கதவு விளிம்பைத் தாண்டி, கைப்பிடியைப் பற்றிய ஒரு முன்கை மட்டும் வெளிச்சத்தில் மிஞ்சியது.

"இதை மட்டும் எவ்வளவு நுணுக்கமா வேணும்னாலும் வரை" என்றார் கதவண்ணன். "அங்கேதான் வெளிச்சம் முழுசா விழும். அவ சின்னப் பிள்ளையில இந்தக் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. கண்டுபிடிச்சுடுவா."

நெட்டையன் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு குனிந்தான். நரம்பைப் போட்டான், நகக்கண்ணில் கரியைப் போட்டான். பிறகு மெல்லிய கோடுகளாக முடி போட ஆரம்பித்தான்.

"முடியை எடுடா" என்றார் கதவண்ணன். "இருபத்தாறு வருஷம் தீயில பொசுங்கின அந்தக் கையில எப்போடா முடி முளைச்சுச்சு?"