எத்தனை கிலோ நாய்

"நாய் என்ன எடை இருக்கும் அண்ணாச்சி?"

நஜ்முதீன் இப்படிக் கேட்டதும் மருதப்பன் தராசைப் பார்த்தான். கோழிக்கடைக்காரர் மைதீன் பாட்சா கல்யாணத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்தார். அவர் மச்சினன் நஜ்முதீன், துபாயை விட்டு இப்போதுதான் வந்தவன், கத்தியோடு நின்றான். பாட்சாவாக இருந்தால் கேள்வியே கிடையாது. மருதப்பன் தலையைக் கண்டதும் கோழிக்குடலும் ஈரலும் ஒரு பையில் விழும்.

நாய் கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. என்றோ ஒருநாள், கறி வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவில், "குடல் யாருக்குவே?" என்று எவனோ கேட்டான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தனக்கு என்று சொல்லக் கூசி, வாயில் வந்தது 'நாய்க்கு'. அந்த ஒரு சொல்லை வைத்தே இத்தனை காலம் ஓட்டியாகிவிட்டது.

"பெரிய நாய்தான்."

"பெரிசுன்னா? கன்னுக்குட்டி கணக்கா?"

"அதுல பாதி."

"பேரு என்ன?"

"கருப்பன்" என்றான் மருதப்பன். கழுத்தில் வேர்த்தது.

நஜ்முதீன் உள்ளே போய் வந்து பையை நீட்டினான். "கருப்பனுக்கு இன்னைக்கு விருந்து. முழுசும் அவனுக்கே வைங்க. நீங்க பங்கு கேட்டுராதீய."

நின்றவர்கள் சிரித்தார்கள். மருதப்பனும் சிரித்து வைத்தான்.

விடியலில் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய தோள் இன்னும் விண்விண் என்று தெறித்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. மகள் அனு மசக்கையோடு வந்திருந்தாள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் அவளாகவே வாய் திறந்து, "எப்பா, நீ வைப்பியே, பண்ணைக்கீரை போட்டுக் கோழிக்குடல், அது வச்சுத் தா" என்றாள். அம்மா இல்லாத வீட்டில் அப்பன் கையால் தின்று வளர்ந்த பிள்ளை. கேட்டதைக் கொடுக்காமல் எப்படி?

கூட வந்திருக்கும் மாப்பிள்ளை ராஜதுரை ஆபீஸ் உத்தியோகம். சட்டையை மடிப்புக் கலையாமல் போடுகிறவர். அவர் குடல் தின்பாரா என்பது ஒரு கவலை. அனுவுக்கு இதாவது வயிற்றில் தங்குமா என்பது பெரிய கவலை.

குருவிகுளம் போகிற பாதையில் மக்காச்சோளக் காடுகளின் வரப்பில், மழைக்குப் பிறகு பண்ணைக்கீரை முழங்கால் உயரம் நின்றது. பூ வைக்காத கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளித் துண்டில் கட்டினான். வீட்டுக்கு வந்து குடலைக் கீறி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசினான். இரைப்பையின் உள்தோலை உரித்தான். ஈரலைக் குழையாமல் இருக்க முழுசாகவே விட்டான். பெரிய ஈரல் ஒன்றில் கீறல் இருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கொழுப்பு என்று நினைத்துக்கொண்டான்.

சின்ன வெங்காயம், பூண்டு, அம்மியில் அரைத்த மிளகும் சீரகமும். குடல் வெந்து எண்ணெய் மிதந்ததும் ஈரலைப் போட்டு, கீரையை மேலே குவித்து மூடினான். கீரை அடங்கி, தெருவே மணத்தது. உள்ளிருந்து அனு, "எப்பா, ஆச்சா?" என்று மூன்றாம் தடவையாகக் கேட்டாள்.

"அப்பளம் வாங்கிட்டு வந்துருதேன் தாயி."

அப்பளம் யாரும் கேட்கவில்லை. கால் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பளம் வாங்கித் திரும்பும்போது தெருமுக்கில் நஜ்முதீன் மொபெட்டில் எதிரே வந்தான். "அண்ணாச்சி! நல்லவேளை, சொல்ல மறந்துட்டேன். கருப்பனுக்கு ராத்திரி வயிறு போகும், பயந்துராதீய."

"என்னது?"

"பூச்சி மாத்திரை. கடைக்குப் பின்னால கிடக்குத நாய்களுக்கு வாங்கினது மிச்சம் கிடந்துச்சு. பெரிய ஈரலைக் கீறி உள்ள வச்சிருக்கேன். சும்மா குடுத்தா துப்பிருமுல்லா? அதுக்குத்தான எடை கேட்டேன்!"

மருதப்பன் ஓடினான். அப்பளக்கட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. வேட்டி தடுக்கியது. மூட்டை தூக்கிப் பழகிய காலுக்கு ஓடத் தெரியவில்லை.

தட்டில் சோறு ஆவி பறந்தது. அனு கரண்டியில் ஈரலோடு கீரையை அள்ளித் தட்டுக்கு மேலே பிடித்திருந்தாள். பக்கத்தில் ராஜதுரை. மருதப்பன் கரண்டியைத் தட்டிவிட்டான். குழம்பு மாப்பிள்ளையின் சட்டையில் தெறித்தது.

"எப்பா! கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"திங்காத. உப்பு... உப்பு கூடிப்போச்சு."

"நான்தான் ருசி பாத்தேனே. சரியாத்தான் இருக்கு."

மருதப்பன் அவள் கையைப் பிடித்தான். "பாத்தியா? எதைப் பாத்த? ஈரலையா?"

"குழம்பை உள்ளங்கையில விட்டு நக்குனேன். ஏம்ப்பா, முகம் ஏன் இப்படிப் போகுது?"

உப்பு என்ற பொய் அங்கேயே செத்தது. அவள் ஒன்றும் வாயில் வைக்காமல் இருந்திருந்தால், பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வேறு ஒரு பொய்யை முட்டாகக் கொடுத்திருப்பான். இப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி நக்கியிருக்கிறாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான். நாய் இல்லாததை. நாய்க்கென்று வாங்கி வாங்கி மகளை வளர்த்ததை. இன்றைக்கு அந்த நாய்க்கு மாத்திரை வைத்ததை.

ராஜதுரை அனுவின் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "மாத்திரை பேரு தெரியணும் மாமா. ஏறுங்க."

கோழிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மருதப்பன் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனான். "பாய், அந்த மாத்திரை அட்டையைக் காட்டுங்க. என் மகள் அந்தக் குழம்பை நக்கிட்டா. உண்டாயிருக்கா."

"மகளா? அப்போ நாய்?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது, அன்றைக்குப் போலவே.

"நாய் இல்ல பாய். நாங்கதான் திங்கோம்."

கத்தி மரக்கட்டையில் நின்றுவிட்டது. நஜ்முதீன் அட்டையைத் தேடினான். அவசரத்தில் டப்பாவைக் கீழே கொட்டினான். ராஜதுரை, அனுவைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். மருதப்பன் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் குழம்புதானேன்னு கேக்காங்க. பயப்பட வேண்டாமாம். தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுதாங்க. வாந்தி, மயக்கம்னா உடனே கூட்டிட்டு வரணும். எதுக்கும் காலையில வந்து காட்டணுமாம்." ராஜதுரை போனை வைத்துவிட்டுச் சட்டைக் கறையைப் பார்த்தார். "குழம்பு வாசம் நல்லாத்தான் இருக்கு மாமா. நல்ல ஈரலாப் பாத்து வாங்குங்க. அனு ஒண்ணும் திங்கல பாருங்க."

நஜ்முதீன் அப்போது அறுத்த கோழிகளின் குடலையும் ஈரலையும் எடுத்தான். தலை நிமிராமல் கேட்டான். "எத்தன பேருக்கு அண்ணாச்சி?"

"மூணு பேருக்கு" என்றான் மருதப்பன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

மீதிக் கீரையைப் போட்டு மறுபடி வைத்தான். அனு கேட்டுக் கேட்டுத் தின்றாள். மாப்பிள்ளை இரண்டாம் தடவை சோறு வாங்கினார். மருதப்பனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, ஒவ்வொரு ஈரலையும் விரலால் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் மகள் தட்டில் போட்டான்.

"எப்பா, போதும். நீயும் தின்னு."

"இரு தாயி" என்று அடுத்ததைப் பிட்டான்.