ஏழாம் பக்கத்து மருத்துவச்சி

பத்திரிகையில் பக்கம் அமைப்பவர் ஒரு தையல்காரியைக் கட்டிக்கொண்டதன் பலன், தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் கிடைத்தது. மனைவி அவருடைய நாளிதழின் மேலேயே அளவு நாடாவை விரித்துவிட்டாள்.

"கண் தெரியாம ஜெயிச்ச முதல் ஆளு உங்க கட்சி வாத்தியாரு. முதல் பக்கம், ஆறு அங்குலம். அகதி முகாம்ல பொறந்து ஜெயிச்ச முதல் ஆளு எங்க கட்சி மருத்துவச்சி. ஏழாம் பக்கம், ஒண்ணேகால் அங்குலம். இதான் உங்க நடுநிலையா?"

"எனக்கு ஏதும்மா கட்சி? என்னை யாரும் அப்படிப் போடச் சொல்லல."

"அப்ப கை தானா போட்டுச்சாக்கும்!"

அவர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது இருபது வருடத்து ரகசியம். அதாவது, அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் சட்டையை மாட்டினார். உண்மையிலேயே யாரும் சொல்லவில்லை. பத்திரிகை ஆசிரியர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். கைதான் ஒரு படத்தை இழுத்துப் பெரிதாக்கியது, மற்றதைச் சுருக்கியது. நியாயஸ்தன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனுஷனுக்கு அது முள்ளாகக் குத்தியது. பதவியேற்பு நாளன்று, யாரும் அனுப்பாமலே சட்டமன்றத்துக்குப் போய்ப் பார்வையாளர் பகுதியின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

வாத்தியார் புடைத்த புள்ளிகளை விரலால் தடவித் தடவி உறுதிமொழி படித்தார். அவையில் ஒரு இருமல் இல்லை. 'நம்ம ஆளு!' என்று பக்கம் அமைப்பவருக்கு நெஞ்சு விம்மியது. மறுகணம் திடுக்கிட்டார். நம்ம ஆளா?

அடுத்து மருத்துவச்சி. ஒலிவாங்கி அவள் தலைக்கு மேலே நின்றது. ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அதை விட்டுவிட்டுப் பேசினாள். மூடிய கதவுகளுக்குள் எத்தனையோ தாய்மாருக்குத் தைரியம் சொல்லிப் பழகிய குரல், கடைசி வரிசைக்கும் வந்து சேர்ந்தது. எதிர்வரிசையில் கைபேசியை நோண்டியவர்கள் நிமிர்ந்தார்கள். பக்கம் அமைப்பவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் அவளைப் பிடித்துவிட்டார்.

"அக்கா, பேப்பர்ல உங்களைப் பொடிசாப் போட்டது நான்தான். மன்னிச்சிருங்க."

"எந்தப் பேப்பரு தம்பி? நான் பார்க்கலையே. ஓட்டு எண்ணும்போது ஒரு பொண்ணுக்கு வலி கண்டுருச்சு. ரெட்டைப் புள்ள. ரெண்டாவது அழுத பிறகுதான் நான் ஜெயிச்சதையே சொன்னாங்க."

அவள் போன திசையைப் பார்த்தபடியே அலுவலகத்தில் இருந்த உதவியாளனைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"நாளைக்கு முதல் பக்கத்துல மருத்துவச்சி. வாத்தியாருக்குப் போட்ட அதே அளவு."

"ஆசிரியர் ஏன்னு கேட்டா, சார்?"

"அன்னிக்கு நான் ஒருபக்கமா சாஞ்சுட்டேன்னு சொல்லு."

தன் வாயா இதைச் சொன்னது என்று அவருக்கே பிரமிப்பாக இருந்தது. ஆசிரியருக்குச் சொல்லியனுப்பியாயிற்று. வீட்டில் சொல்வதற்குத்தான் இன்னும் கொஞ்சம் தெம்பு தேவைப்பட்டது.