ரோஷீனுக்குள் தூங்கிய கிருமி

அயர்லாந்தின் கில்டேரில் கோன்லெத் டவுலிங்கின் பெட்டைக் குதிரை ரோஷீன் மேல் சாய்ந்தவர்கள் எல்லாரும் நின்றபடியே தூங்கிப்போனார்கள். லாடம் அடிக்க வந்தவர் கையில் சுத்தியலோடு தூங்கினார். முதுகுவலிக்காரரான பங்குப் பாதிரியார் வாரம் தவறாமல் வந்து தூங்கினார். மனைவி இறந்த பிறகு கோன்லெத்துக்கும் வேறெங்கும் கண் மூடவில்லை. நல்ல குணமுள்ள குதிரை என்று ஊரில் பேசிக்கொண்டோம்.

ஆனால் ரோஷீனுக்குச் சினை தங்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பொலிகுதிரையிடம் அனுப்புமுன், வழக்கப்படி கருப்பைக்குள் பஞ்சு விட்டு எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். சுத்தம் என்றே முடிவு வரும். கோன்லெத் அதை மதுக்கடையில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார். இந்த வருஷமும் தங்காவிட்டால் கசாப்புக்குத்தான் என்றாகிவிட்ட பிறகு, அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கால்நடை மருத்துவர் நுவாலா கீகனும் வந்த அன்று ரோஷீன் மேல் சாய்ந்து தூங்கினார். எத்தனையோ பேர் அங்கே தூங்கி எழுந்திருக்கிறோம். எழுந்ததும் ஏன் என்று கேட்டது அவர் ஒருவர்தான். கெட்டிக்காரி.

"உள்ள கிருமி தூங்குது, கோன்லெத். கருப்பைச் சுவருக்குள்ள ஆழமாப் பதுங்கிக் கெடக்கு. அதான் பஞ்சுல சிக்கல. தூங்குற கிருமிய மருந்தும் கொல்லாது. மொதல்ல எழுப்பணும்."

"எழுப்பிட்டா நான் எங்கம்மா போய் முதுகச் சாய்க்கிறது?" என்றார் வழக்கம்போல் வந்திருந்த பாதிரியார்.

"உங்க பிரசங்கத்துல எங்களுக்கெல்லாம் நல்லாத்தான் தூக்கம் வருது, ஃபாதர். நீங்களும் ஒருதரம் உக்காந்து கேளுங்க." நுவாலா பிறகு கோன்லெத்திடம் திரும்பினார். "உங்களுக்கும் அப்புறம் தூக்கம் கெடையாது. யோசிச்சுக்கங்க."

கோன்லெத் குதிரையின் கழுத்தைத் தடவினார். "நான் முழிச்சுக் கெடந்துட்டுப் போறேன், டாக்டரம்மா. இவ வயித்துல ஒண்ணு தங்கட்டும்."

நுவாலா எழுப்பும் கரைசலைக் கருப்பைக்குள் விட்டார். மறுநாள் ஊரில் கோழிகள்கூடக் கண் அயரவில்லை. கருப்பையைக் கழுவி எடுத்த நீரில் கிருமி கொத்துக் கொத்தாக வளர்ந்தது. பென்சிலின் உள்ளே போகப்போக ஊர் அடங்கியது. அதன்பின் ரோஷீன் மேல் சாய்ந்தால் குதிரையின் சூடு மட்டுமே தெரிந்தது.

அடுத்த வசந்தத்தில் செம்பழுப்புக் குட்டி ஒன்று பிறந்து, தள்ளாடி எழுந்து, பால் குடித்தது. கோன்லெத் வாய்விட்டு அழுதார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் தூங்கவில்லை. குட்டி போடும் பருவம் வந்தால் குதிரைப் பண்ணைக்காரர்கள் காவலுக்கு அவரைத்தான் முதலில் கேட்கிறார்கள். தேநீரும் சோடா ரொட்டியும் இருந்தால் போதும், காலைவரை பெட்டைகளோடு பேசிக்கொண்டிருப்பார்.