தப்பே வராத வாத்தியம்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிப் பெயர் வாங்கிவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாரப் பத்திரிகையின் சித்திரை மலரில். அப்போது அது கதை இல்லை, கட்டுரை. இருபத்திரண்டு பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். ஒருவர்கூட, 'இது பொய் மாதிரி இருக்கிறதே' என்று கேட்கவில்லை. வாசகர்கள்மேல் எனக்கு மரியாதை குறைந்தது அன்றிலிருந்துதான்.

கட்டுரையின் நடுவில் ஒரு போட்டோ. கடற்கரை மணலில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கைகளும் ஒரு விநோதமான பானைமேல் இருக்கின்றன. கீழே நான் எழுதிய வரி: 'கணவன் கடலில், மனைவி தியானத்தில்.' அந்த வரிக்காக ஆசிரியர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் ஊரில் அதே வரியை வேறு மாதிரி வாசித்தார்கள். எப்படி என்பது போகப் போகத் தெரியும்.

அந்த ஒரு வரியை அடிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: 'நீலக்கடல் தாலாட்டும் அக்காள்மடத்தில், தென்னங்கீற்றுகள் சாமரம் வீச —' அடித்துவிட்டேன். அன்று காலை கடல் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. காற்றே இல்லை.

தொடக்கம் இரண்டு: 'அருள்மேரி அனலில் விழுந்த புழுவாய்த் —' இதையும் அடித்துவிட்டேன். போட்டோவில் இருக்கிற அந்த அருள்மேரி துடிக்கவில்லை. கத்தினாள். கத்துகிற பெண்ணைக் கதாநாயகியாக வைத்தால் தொடர்கதை மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும். அதனால் என் பெண்கள் எல்லாரும் இருபது வருஷமாகத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொடக்கம் மூன்று: பானை. இது தேவலை.

ராமசுப்பிரமணியன் ஓய்வு பெற்ற மாஜிஸ்திரேட். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நிலமும் நெல்லும் உள்ளவர். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்தவர்தானே, கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அவர் மானாமதுரைக்குப் போனார். கடம் செய்கிற ஒரு குயவரைப் பிடித்து, தான் படம் போட்டுக் கொடுத்தபடி ஒரு பானை செய்யச் சொன்னார். பெரிய வயிறு ஒன்று, அதைச் சுற்றிச் சின்ன வயிறுகள் ஐந்து. உள்ளங்கையால் தட்டினால் ஐந்தும் ஐந்து சுரம் பேசும். எந்த வரிசையில், எந்த மடையன் தட்டினாலும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். அபசுரத்துக்கு அதில் இடமே கிடையாது.

"தப்பே வராத வாத்தியம்!" என்றார் என்னிடம்.

தன் தீர்ப்புகளை மேல்கோர்ட்டு திருத்தித் திருத்தி அனுப்பிய ஒரு மனிதருக்கு இப்படி ஒரு வாத்தியம் தேவைப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதற்குச் 'சாந்தகடம்' என்று பெயர் வைத்தார். தீவுக் கிராமமான அக்காள்மடத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்தார். மதுரையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் மனிதர்கள் வந்தார்கள்: மில் ஏஜெண்டுகள், வட்டிக்கடைக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார். பாயில் உட்கார்ந்து, பானையை மடியில் வைத்து, கண்ணை மூடித் தட்டினார்கள். பத்துப் பேரைக் கடனில் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவருக்கும் பத்தே நிமிஷத்தில் மனம் குளம்போல் ஆகிவிடும். அவ்வளவு நல்ல பானை.

(அடிக்குறிப்பு: நானும் மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் எனக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை. இதை மறைத்தால் நான் இரண்டாவது முறை பொய் சொன்னவன் ஆவேன்.)

3

இனி அந்தக் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுரையில் இதைச் சொல்லவில்லை. இடம் இல்லை என்று ஆசிரியர்மேல் பழி போடலாம். உண்மையில், சொன்னால் என் கட்டுரை செத்துப்போயிருக்கும்.

அருள்மேரியின் புருஷன் சூசைமுத்து திங்கட்கிழமை ஒற்றை ஆளாகச் சின்ன வத்தையில் — பாய் கட்டிய படகில் — கடலுக்குப் போனான். செவ்வாய்க்கிழமை திரும்பவில்லை. புதன் விடியும்போது அவன் தம்பி கில்பர்ட் நாலு வத்தைகளோடு தேடப் போனான். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிகிற தூரத்தில் வரிசையாகப் பிரிந்து நின்று தேடுவார்கள்.

தேடியது போதும், திரும்புங்கள் என்று சொல்லும் உரிமை அந்தக் கரையில் ஆண்களுக்குக் கிடையாது. காணாமல் போனவனின் மனைவிதான் சொல்ல வேண்டும். அவள் மனம் விட்டுப்போனதும், வீட்டுச் செப்புக்குடத்தைக் கொண்டுவந்து அலை ஓரத்தில் கவிழ்த்து, வெறுங்கையால் மூன்று தட்டுத் தட்டுவாள். கரைக்குப் பக்கத்தில் நிற்கும் வத்தை அதைக் கேட்டு, துடுப்பில் துணியைக் கட்டி உயர்த்தும். அதைப் பார்த்து அடுத்தது உயர்த்தும். எல்லாரும் திரும்பிவிடுவார்கள். பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அவளே சொல்லிவிட்டாளே.

அதுவரை அந்தக் கரையில் எவரும் எதையும் தட்டுவதில்லை. வத்தைக்குப் பலகை அடிக்கும் தச்சர்கூட உளியைக் கீழே வைத்துவிடுவார்.

இப்போது போட்டோவை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவள் கை எதன்மேல் இருக்கிறது? புருஷனைக் கைவிட்டவள் என்றுதான் அந்த ஊர் வாசித்தது.

'வழக்கம் தெரிந்தவள் ஏன் கை வைத்தாள்? பாத்திரப் படைப்பு சரியில்லை' என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் இந்த இடத்தில் நாலு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவளைக் கொஞ்சம் அசடாக ஆக்கினால் கதை சுலபமாக நகரும். ஆனால் அன்று அந்த மணலில் இருந்த அசடுகள் வேறு.

4

தீவில் டெலிபோன் உள்ள வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். மாஜிஸ்திரேட்டின் பங்களா அதில் ஒன்று. அருள்மேரி அதற்காகத்தான் வந்தாள். வந்த நேரம், பங்களாவுக்கு முன்னால் மணலில் பாய் விரித்து, நான் போட்டோவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

"அய்யா, லாஞ்சு ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கய்யா. பாய் கட்டிப் போனவுக எம்புட்டுத் தொலவு போவாக? காத்தும் இல்ல. மோட்டார் லாஞ்சு போனா வெரசாப் பாத்துருவாக."

"முதல்ல உட்காரும்மா. இப்படிக் கத்தினா நீ சொல்றது எனக்கே விளங்கலை."

"போட்டுட்டு உக்காருறேன்."

"போன்ல நான் என்ன சொல்றது? எத்தனை மணிக்குப் போனான், எந்தத் திசை, எல்லாத்தையும் நீ நிதானமாச் சொல்லணும். இதை அஞ்சு நிமிஷம் தட்டு. மனசு ஒரு நிலைக்கு வரும். அப்புறம் போன்."

"ஆளத் தேடப் போயிருக்காகய்யா. இன்னிக்கு இங்கன எதையும் தட்டக் கூடாது."

"அது உங்க குடத்துக்கு. இது வாத்தியம்."

"கைய வச்சுத் தட்டுனா எல்லாம் குடந்தான்."

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்துச் சிரித்தார். 'பாருங்கள், இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு' என்கிற சிரிப்பு. நானும் பதிலுக்குச் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை.

"மெதுவாத் தட்டும்மா. யாருக்குக் கேக்கப் போகுது?" என்றேன்.

அவள் கடலைப் பார்த்தாள். கரைக்குப் பக்கத்திலிருந்த வத்தை, நகத்தளவு தெரிந்தது. பிறகு பானையைப் பார்த்தாள்.

"எத்தன தட்டு?"

"நூற்றெட்டு."

"அம்பது."

"இது என்ன, மீன் ஏலமா?"

"அம்பது தட்டுறேன். முப்பதுலேயே நீங்க எந்திரிச்சுப் போயி போனை எடுக்கணும். எடுப்பீகளா, மாட்டீகளா?"

மாஜிஸ்திரேட் எடுப்பதாகச் சொன்னார்.

அவள் உட்கார்ந்து தட்டினாள். தட்டினாள் என்பதே தப்பு. விரல் நுனியால் தொட்டாள். இரண்டு முழம் தள்ளி நின்ற எனக்கே கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். எண்ணிக்கை பிசகாமல் இருப்பதற்காக. 'சாந்தியில் மூடிய இமைகள்' என்று கட்டுரையில் எழுதினேனே, அவள் உதடு அசைவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

5

மைக் செட். இதுவரை அதைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ராமநாதபுரத்திலிருந்து பாட்டரியோடு அதைக் கொண்டுவந்தவர் கீழக்கரைக்காரர் சதக். மைக்கைப் பானைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். குழாய் ஒலிபெருக்கியைப் பனைமரத்தில் கட்டப் போனபோது, "கடலைப் பார்த்துக் கட்டுங்கள் பாய், போட்டோவில் நன்றாக விழும்" என்று சொன்னது நான்.

அவள் முப்பதை எட்டினாள். மாஜிஸ்திரேட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எழுந்து போன் பேச உள்ளே போனார். எனக்கு வெளிச்சம் சரியாக விழுந்தது. படத்தில் இருக்கிற காட்சி காதுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. கேமராவில் கண்ணை வைத்தபடி சதக்குக்குத் தலையை ஆட்டினேன். அவர் சுவிட்சைப் போட்டார்.

டங். டங். டங். டங்.

குழாய் வழியாக வந்தால் மண்ணும் செம்பும் ஒன்றுதான். நாலாவதில் அவள் கண்ணைத் திறந்தாள். படம் மூன்றாவதிலேயே எடுத்தாகிவிட்டது.

பக்கத்து வத்தையில் துடுப்பு உயர்ந்தது. நுனியில் துணி.

"போங்கலே! திரும்பாதீக! நாந் தட்டல!" என்று கத்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஓடினாள். கையை வீசினாள். அந்த வழக்கத்தில் தட்டுவதற்கு ஜாடை உண்டு. தட்டியதைத் திரும்ப வாங்குவதற்கு ஜாடை கிடையாது. அப்படி ஒன்று தேவைப்படும் என்று அவர்கள் யாரும் நினைத்ததில்லை. என்னைப் போன்ற ஒருவன் அவர்கள் கரைக்கு வந்ததில்லை.

'மைக்கிலேயே சொல்லியிருக்கலாமே' என்கிறீர்களா? சொன்னாள். சதக்தான், "யா அல்லா, இதுல சொல்லும்மா, இதுல சொல்லு" என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி அவள் வாயருகில் பிடித்தார். அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அந்தத் தூரத்துக்குச் சொல் எதுவும் போகவில்லை. குரல் மட்டும் போனது. குடம் தட்டிய பிறகு கரையிலிருந்து மனைவியின் குரல். வத்தைக்காரர்கள் அதை ஒப்பாரி என்று நினைத்தார்கள். இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டார்கள்.

பங்களா ஜன்னலில் மாஜிஸ்திரேட் தெரிந்தார். காதில் டெலிபோன், அப்போதுதான் லைன் கிடைத்திருந்தது. வத்தைகள் திரும்புவதைப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து, "இல்லை, இல்லை, லாஞ்சு வேண்டாம். ஆள் கிடைச்சுட்டான்போல. எல்லாரும் திரும்பி வர்றாங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். வெளியே வந்து என் தோளைத் தட்டினார்.

"பார்த்தீரா? மனசு அடங்கினதும் காரியம் தானா நடக்குது."

இதைக் கட்டுரையில் அப்படியே போட்டேன். நீங்கள் கடிதத்தில் அதிகம் பாராட்டிய வாக்கியம் இதுதான்.

6

முடிவுகள்.

(அ) திரும்பிய வத்தை ஒன்றில் சூசைமுத்து சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறான். கரையெல்லாம் ஆனந்தக் கண்ணீர். ஆசிரியருக்குப் பிடிக்கும்.

(ஆ) எட்டாம் நாள் பாய் மட்டும் கரை ஒதுங்குகிறது. அருள்மேரி அதை மார்போடு அணைத்து — போதும். இது உங்களுக்குப் பிடிக்கும். நன்றாக அழுவீர்கள், மூக்கைச் சிந்துவீர்கள், மனம் லேசாகிவிடும், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவீர்கள்.

(இ) மாஜிஸ்திரேட் மனம் திருந்திப் பானையை உடைக்கிறார். இல்லை. அவர் உடைக்கவில்லை. இப்போது அவரிடம் அதைப்போல் பன்னிரண்டு பானை இருக்கிறது.

சூசைமுத்து என்ன ஆனான் என்று எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை. பிழைத்தான் என்றால், 'அப்புறம் என்ன, எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது' என்று என்னை மன்னித்துவிடுவீர்கள். செத்தான் என்றால் அவனுக்காக அழுது, அருள்மேரியை மறந்துவிடுவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு நிம்மதி கிடைக்கும். இருபது வருஷமாக வாராவாரம் நான் உங்கள் மடியில் வைப்பதும் அதே பானையைத்தான். இந்த வாரம் மட்டும் கிடையாது.

நான் கண்ணால் பார்த்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

7

கில்பர்ட் வத்தையிலிருந்து குதித்து வந்தான். மணலில் கிடந்த பானையைப் பார்த்தான். அதன்மேல் மணல் ஒட்டிய விரல் தடம்.

"மதினி, நீயா தட்டுன?"

"நாந்தான். போன் போடுறேன்னாக. யாருக்கும் கேக்காமத்தான் தட்டுனேன். இவுகதான் கொழாயில விட்டுட்டாக."

கில்பர்ட் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் என் வரையில் கணக்குத் தீர்ந்திருக்கும். அவனுக்கு அதற்கு நேரம் இல்லை.

"அண்ணன விட்டுட்டு வந்துட்டோமா?" என்று கேட்டான்.

கூட வந்தவர்கள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். ராத்திரி சாப்பிடாமல் விடியுமுன் துடுப்புப் போடத் தொடங்கியவர்கள். குடம் தட்டிய பிறகு மறுபடி போவது வழக்கத்தில் இல்லை என்று ஒருவர் முனகினார். அருள்மேரி சேலையை வரிந்து கட்டி, வத்தையின் விளிம்பைப் பிடித்து ஏறினாள்.

"பொம்பள ஏறக் கூடாது மதினி."

"பொம்பள தட்டுனான்னுதான எல்லாரும் திரும்பி வந்தீக? வாங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இருந்தா, போங்கன்னு சொல்லவும் இருக்கு. தள்ளுங்கலே!"

கில்பர்ட் முதலில் கை கொடுத்தான். பிறகு இன்னொருவர். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முனகியவரும் எழுந்தார். நாலு வத்தைகளும் தண்ணீரில் இறங்கின.

மைக்கை யாரும் நிறுத்தவில்லை. பனைமரத்துக் குழாய் கடலைப் பார்த்து இரைந்துகொண்டே இருந்தது. அருள்மேரி முதல் வத்தையில் நின்றபடி திரும்பி, என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"யோவ், அந்தக் கொழாய நிப்பாட்டச் சொல்லுய்யா! அவுக கூப்புட்டா எங்களுக்குக் கேக்கணும்ல?"

சதக் சுவிட்சை அணைத்தார். நான் என்னுடையதை, ஏழு வருஷம் கழித்து, இப்போதுதான் அணைக்கிறேன்.