செதிலை உதறிவிட்டுப் போனது

இறந்துபோன என் மனைவியின் பெயரை என் மகள் ஒரு புழுவுக்கு வைக்கப் போவதாகச் சொன்னபோது, கையில் இருந்த தட்டை வீசி அடிக்கத் தோன்றியது. வீசவில்லை. பொறுக்குவதும் நான்தானே.

"புழுவுக்கா?" என்றேன்.

"சாதாரணப் புழு இல்லப்பா. பனிக்கடலுக்கு அடியில இருக்கிறது. முதுகு பூரா செதில், ரெண்டு பக்கமும் தங்கக் கம்பி மாதிரி முடி. இந்தச் செதில் வேற எந்தப் புழுவுக்கும் கிடையாது. புது இனம்."

"உங்கம்மா பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறுவா. அவ பேரைக் கொண்டுபோய் இதுக்கு வைக்கிறியே."

அவள் ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

நான் காலமெல்லாம் மீன் லாரி ஓட்டியவன். கடலில் இருந்து வருவதை மோந்து பார்க்காமல் நம்ப மாட்டேன். படித்தவர்களை மோந்து பார்த்தாலும் நம்ப மாட்டேன். மகளும் அதில் அடக்கம்.

காரணம் இருக்கிறது. அவள் அம்மா கண்ணை மூடிய காலையில் இவள் பனிக்கடலில் கப்பலில் இருந்தாள். எப்படியோ போன் கிடைத்து, "அம்மா போயிட்டாடி" என்றேன். "வலை ஏறுதுப்பா, வைக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு விசும்பல்கூடக் கேட்கவில்லை. பெற்றவளைவிட வலையில் வருவது பெரிதாகிவிட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். இப்போது பெயர் வைத்துச் சரிக்கட்டப் பார்க்கிறாள், வேறென்ன?

ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடு கொடுக்கும் சாக்கில் தினமும் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள், எல்லாவற்றிலும் ஸ்பிரிட்டில் ஊறும் ஏதாவது ஒன்று. கை கழுவும் தொட்டி ஓரம் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் உட்காருவேன், எழுந்திருப்பேன், நடைவழியில் போய் நிற்பேன், திரும்பி வருவேன். மைக்ராஸ்கோப்பில் பாருங்கள் என்று அவள் எத்தனையோ முறை கூப்பிட்டாள். பார்க்கவில்லை. பார்த்தால் பெயருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள்.

அங்கே படம் வரைய ஓர் ஆள் இருந்தான். புது இனம் என்று அறிவித்தால் போதாதாம். தலை, கால், முடி, செதில் என்று ஒவ்வொன்றையும் வரைந்து காட்ட வேண்டுமாம். வாய் ஓயாதவன்.

"ஐயா, உங்க வீட்டம்மா ஒல்லியா, குண்டா? கொஞ்சம் பார்த்து வரையலாம்னுதான்."

"உன்னை மாதிரி ஆளுங்களை வாசலோட அனுப்புற சைஸு."

"அப்போ பல்லைப் பெருசா போட்டுடறேன்" என்றான். அந்தப் புழு தொண்டையை வெளியே தள்ளிக் கடிக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்தேன்.

மறுநாள் படங்களோடு கட்டுரையை அனுப்ப வேண்டும் என்ற நிலையில்தான் அது நடந்தது. மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த படக்காரன் பென்சிலைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன். குப்பியில உதிர்ந்து கிடந்த இந்தச் செதில் புழு முதுகுல உட்கார மாட்டேங்குது."

"உட்காரலைன்னா?"

"முதுகுல செதில் ஒட்டுற மேடு இருக்கில்ல, அது சின்னதா நீளமா இருக்கு. செதிலுக்கு அடியில இருக்கிற தழும்பு பெருசா வட்டமா இருக்கு. எந்த மேட்டுல வச்சாலும் பொருந்தலை."

இது எனக்கும் புரிந்தது. வேறு வண்டியின் போல்ட்டை இந்த வண்டியில் முடுக்குவது போல.

மகள் உட்கார்ந்தாள். ஊசி முனையால் புழுவின் கழுத்து மடிப்பை விலக்கினாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. நான் ஸ்டூலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"மடிப்புக்குள்ள ஒரே ஒரு செதில் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றாள். "வழவழன்னு. இந்தப் புழு எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய இனம்தான்."

"அப்போ குப்பியில கிடந்த மத்த செதில்?" என்றான் அவன்.

"வேற ஒண்ணோடது. இந்த வகைப் புழு பயந்தா செதிலை உதறிட்டு நழுவிடும். ரெண்டும் ஒரே வலையில வந்திருக்கு. ரெண்டும் உதறியிருக்கு. ஒண்ணுதான் சிக்கியிருக்கு."

"செதிலை மட்டும் வச்சு..."

"முடியாது. உடம்பு வேணும். உடம்பு இல்லாம எதை வச்சுப் பேர் வைக்கிறது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "இத்தனை படிச்சவங்க இருக்கிற கப்பல்ல, எந்த முட்டாள் ரெண்டையும் ஒரே குப்பியில போட்டான்?"

படக்காரன் தரையைப் பார்த்தான்.

"நான்தான்" என்றாள் மகள். "வலைச் சேத்தைச் சலிக்கிற சல்லடையில இருக்கிற செதிலைத் தனிக் குப்பியில போடணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியலப்பா. சல்லடையே மங்கலா இருந்துச்சு. கையில வந்ததை எல்லாம் ஒண்ணா அள்ளிப் போட்டு மூடிட்டேன்."

"என்னைக்கு?"

"நீங்க போன் பண்ணீங்களே, அன்னைக்கு. அந்த வலைதான்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போய் இறுக்கி மூடினேன். அது நிற்கவில்லை, இன்னும் இறுக்கினேன். அவள் அழவில்லை என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். அந்தக் கண் நிறைந்துபோய் எதுவும் தெரியாமல் செய்த தப்பு, இத்தனை மாதமும் ஸ்பிரிட்டில் ஊறியபடி இந்த மேஜை மேலேயே இருந்திருக்கிறது.

"அந்தச் செதிலை வை" என்றேன்.

"எங்க?"

"அந்த மிஷின்ல வைடி. பார்க்கிறேன்."

வைத்தாள். ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். முதலில் என் இமைதான் தெரிந்தது. அவள் எதையோ திருகினாள். ரப்பர் செருப்பின் அடிப்பக்கம் போல முண்டு முண்டாக, ஓரத்தில் பிசிறு தொங்க, பழுப்பாக ஒன்று. அழகு என்று சொல்ல மாட்டேன்.

"செதில் இல்லாம அது செத்திருக்குமா?"

"இல்லப்பா. திரும்ப முளைச்சிடும். அங்கேயே எங்கேயாவது ஊர்ந்துகிட்டு இருக்கும்."

"திரும்ப எப்போ கப்பல் போகுது?"

"அடுத்த கோடையில. நான் போகலைன்னு சொல்லியிருக்கேன். நீங்க தனியா..."

"போறேன்னு சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காலிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தேடி எடுத்தேன்.

"அது கிடைக்கிற வரைக்கும் உங்கம்மா பேரை வேற எந்தப் புழுவுக்கும் கொடுத்துடாத" என்றேன். வாயைப் பிளந்துகொண்டிருந்த படக்காரனிடம், "நீ என்னய்யா பார்க்கிற? செதிலையாவது ஒழுங்கா வரை" என்று சொல்லிவிட்டு நடைவழிக்குப் போய்விட்டேன்.