வாயில் ஆணி

என் வீட்டுக்காரர் பழைய சோபாக்களுக்குப் புதுத் துணி போடுகிறவர். துணியை நான் தைப்பேன், அவர் கட்டையில் இழுத்து வைத்து அடிப்பார். குட்டி ஆணிகளைக் கொத்தாக வாயில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். "பல்லு போயிடும்" என்று நான் கத்தினால் பதில் வராது. வாயில் ஆணி இருக்கும்வரை எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அது அவருக்கு ரொம்ப வசதி.

அதனால் இடது தாடை வலிக்கிறது என்றபோது எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆணிதான். சொத்தையாக இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். புண் ஆறியது, வலி போகவில்லை. "பக்கத்துப் பல்லா இருக்கும். அதையும் எடுத்துடலாம்" என்றார், ஏதோ சட்டைப் பொத்தானைச் சொல்வதுபோல.

அன்று ஒரு சோபாவை மாடிக்கு ஏற்றினோம். பாதிப் படியில் அதை இறக்கிவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. கொஞ்சம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. பையிலிருந்த வறுத்த கடலையை எடுத்து அதே இடது பக்கம் கடமுடவென்று மென்றார். மெல்லும்போது வலிக்காத பல், படியேறினால் மட்டும் ஏன் வலிக்க வேண்டும்?

சோபாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பல் டாக்டரிடம் கூட்டிப்போய் இதைச் சொன்னேன். டாக்டர் கையிலிருந்த பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்தார்.

"இது பல்லு வலி மாதிரி தெரியலம்மா. நெஞ்சுல கோளாறு இருந்தாலும் தாடையில வலிக்கும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நடக்க விடாதீங்க."

வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ அந்தப் பல்லு பாவம், இல்ல?" என்றார்.

"வாய மூடிட்டு வாங்க" என்றேன். இந்த மனுஷன் இல்லாவிட்டால் நான் யாரைத் திட்டுவேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இதயத்து ரத்தக்குழாயில் அடைப்பு. நல்லவேளை, சரிசெய்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சுத்தியல் என்னிடம். அவருக்கு உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் அனுமதி. ஒரு கையில் துணி, மறு கையில் சுத்தியல். ஆணிக்கு வாயை விட்டால் வேறு இடமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கொத்தாகப் போட்டுக்கொண்டேன்.

"பல்லு போயிடும்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிறகு குரல் தணிந்தது. "நான் கடலை தின்னத நீ பாக்கலன்னா, இன்னிக்கு நான் இல்லம்மா."

வாய் நிறைய ஆணி. திட்டவும் முடியாமல், துணியும் சரியாகத் தெரியாமல், அடுத்த ஆணியைக் கோணலாக அடித்தேன்.