மதியச் சோற்று மேடு

திரையில் கோடு மேடாக எழும்பியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெகின் சாப்பிட ஏறிவிட்டார்.

ஜெகின் என் கணவர். வளைகுடாவில் சோஹார் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஆலையில் வெல்டர். இந்த வாரம் காலி டேங்குக்குள் இறங்கி வேலை. அவர் இடுப்பில் கட்டியிருக்கும் ஆக்சிஜன் மீட்டர் அனுப்பும் அளவைக் கோடாக வரைவது நான் ஜாவா மொழியில் எழுதிய கணினி நிரல். கட்டங்கள் ஒரு படம், கோடு ஒரு படம், நேரம் ஒரு படம். ஒன்றின்மேல் ஒன்றாக, லேயர் லேயராக அடுக்கித் திரையில் காட்டும். உள்ளே ஆக்சிஜன் சற்றுக் குறைவு. அவர் வெளியே வந்தால் கோடு ஏறும். நேற்று ஏறியதைப் பார்த்துவிட்டு, "ஒங்க பசி எனக்கு இங்க படமா தெரியுது கேட்டேளா" என்று கேலி செய்தேன்.

இன்று அவர் சோற்றுப் பாத்திரத்தை ரூமிலேயே மறந்துவிட்டார். நான் எடுத்து வந்து என் மேசையில் வைத்திருந்தேன். பசி பொறுக்காத மனிதரை வெகு நேரமாகியும் காணவில்லை. வாக்கிடாக்கியை எடுத்து, டேங்க் வாசலில் காவல் நிற்கும் பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"பன்னீரண்ணே, சோறு இங்க இருக்கு. அவர அனுப்புங்க."

"அவரு இன்னும் மேலயே வரலியேம்மா. உள்ளதான் இருக்காரு."

அப்படியானால் இந்த மேடு யாருடையது?

பக்கத்தில் என்னோடு நிரல் எழுதும் ராஜிக் இருந்தான். "காலைல நான் வரதுக்கு முன்னால இதுல என்ன செஞ்ச?"

"மேனேஜர் சொன்னாரு அக்கா. ஹெட் ஆபீஸ்ல இருந்து விசிட்டர்ஸ் வாராங்கல்ல, கோடு அழகா தெரியணும்னாரு. நேத்து கோடு ஓடுனத அப்படியே படமா புடிச்சு மேல ஒரு லேயரா போட்டேன். ஆக்சிஜன் கொறஞ்சா அடிக்கிற அலாரத்தையும் நிறுத்தச் சொன்னாரு. அவங்க போனதும் மாத்திருவேன்."

ஒரு மனிதனின் மூச்சுக்கு மேலே நேற்றைய படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள், பாவிகள்!

அந்த லேயரை அணைத்தேன். அடியில் இன்றைய கோடு கிடந்தது. சிவப்பு எல்லையைத் தாண்டிக் கீழே போய், இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அவர வெளிய இழுங்க! உள்ள காத்து இல்ல!"

"ஐயையோ, உள்ள காத்து அடிக்கிற ப்ளோயர் நின்னு கெடக்கும்மா! பக்கத்து டேங்க்ல கிரைண்டர் சத்தம், ஒண்ணுமே கேக்கல. ஜெகினு! ஜெகினு! பதில் இல்லியேம்மா!"

"நீங்க இறங்காதீங்க! இடுப்புக் கயிறு இருக்குல்லா, அதப் புடிச்சு இழுங்க!"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மேனேஜர் தேவசுந்தரம் விருந்தினர்களோடு உள்ளே வந்தார். திரையில் சிவப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "ரெஷ்மா, அந்தப் படத்தைப் போடும்மா. இவங்க போகட்டும், பேசிக்கலாம்."

"எங்க வீட்டுக்காரரு உள்ள கெடக்காரு சார்."

ராஜிக்கின் கை மவுஸை நோக்கி நீண்டது. தட்டிவிட்டேன்.

கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. நின்றது. பிறகு ஒரேயடியாக ஏறியது. மீட்டர் வெளியே வந்துவிட்டது. ஆனால் மீட்டருக்கு மூச்சு வேண்டாம், அதைக் கட்டியிருக்கும் ஆளுக்குத்தான் வேண்டும். வாக்கிடாக்கியில் சத்தமே இல்லை. மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முணுமுணுத்தது. அவ்வளவு பயத்தை நான் அதுவரை அறிந்ததில்லை.

ஓர் இருமல் கேட்டது. இன்னொன்று.

"கண்ண முழிச்சிட்டாரும்மா!" பன்னீரண்ணன் அழுதுகொண்டே கத்தினார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

தேவசுந்தரம் பெருமூச்சு விட்டார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இனியாவது அந்தப் படத்தைப் போடும்மா."

நான் விருந்தினர்கள் பக்கம் திரும்பினேன். திரையில் மேட்டுக்கு முன்னால் கிடந்த பள்ளத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இது என் கணவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.